மீட்டர் பார்ப்பது மிச்சத்தை

எங்கள் பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ஏங்ண்ணா, 14.7-ல கொண்டு வந்து நிறுத்திட்டா போதுங்களா?" என்பதுதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வருகிறார்கள். தப்பில்லை. ஆனால் டேஷ்போர்டில் அந்த விகிதத்தைக் காட்டும் மீட்டர் காற்றையும் அளப்பதில்லை, பெட்ரோலையும் அளப்பதில்லை. சைலன்சர் குழாயில் திருகியிருக்கும் வைட்பேண்ட் சென்சாருக்குத் தெரிந்ததெல்லாம், எரிந்து வெளியே போகிற புகையில் ஆக்சிஜன் மிச்சமா, பற்றாக்குறையா, எவ்வளவு என்பதுதான். அதிலிருந்து கணக்குப் போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. பந்தி முடிந்தபின் இலைகளைப் பார்த்து யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சொல்வது மாதிரியான வேலை. பெரும்பாலும் சரியாக இருக்கும். யாராவது தொடாமலே எழுந்து போயிருந்தால் கணக்கு உதைக்கும்.

கோவையில் ரேஸ் வண்டிகளுக்கு இன்ஜின் கன்ட்ரோலர், அதாவது பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை மாற்றி டியூன் செய்வது எங்கள் பிழைப்பு. செட்டிபாளையத்தில் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்த ஊர் இது. ரேஸ் வண்டிக்குப் பஞ்சமில்லை. வருவதில் பாதி பழைய மாருதி 1.3 லிட்டர் இன்ஜின்கள், எஸ்டீமிலும் ஜிப்ஸியிலும் இருந்தவை. கம்பெனி கன்ட்ரோலரான இசியூவைக் கழற்றிவிட்டு மெகாஸ்குவர்ட்டோ ஸ்பீடுயினோவோ போடுவோம். இரண்டாவது, ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் கட்டியது. மூளை என்று பார்த்தால் கல்லூரிப் பையன்கள் புராஜெக்ட்டுக்கு வாங்குகிற அதே சாமான். அன்றாடம் சாலையில் ஓட்டுகிற காரோடு வருகிறவர்களிடம் கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறோம். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள்.

கன்ட்ரோலருக்குள் இருப்பது ஒரு கட்டம் போட்ட அட்டவணை. குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம், 16-க்கு 16, ஆக 256 கட்டங்கள். அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிறைகிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் சதவீதமாக எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறப்பது என்று முடிவாகிறது. இப்போதெல்லாம் ஆட்டோட்யூன் இருக்கிறது. வண்டியை ஓட்டினால் போதும், மீட்டர் சொல்வதைக் கேட்டு மென்பொருளே கட்டங்களைத் திருத்திக்கொண்டு போகும். அருமையான வசதிதான். மீட்டர் பொய் சொல்லாத வரைக்கும்.

ஒரு வண்டி வந்தது. வேறு இடத்தில் ஆட்டோட்யூன் ஓட்டி எடுத்து வந்தது. ஐடிலிங்கில் மீட்டர் 15.5 காட்டுகிறது, அதாவது பெட்ரோல் குறைவு, லீன். பக்கத்தில் நின்றாலோ கண் எரிகிற அளவுக்குப் பெட்ரோல் வாடை. பிளக்கைக் கழற்றினால் நாலும் கரி. மீட்டரை நம்புவதா, மூக்கை நம்புவதா? மூக்கைத்தான் நம்பினோம். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்தால், சென்சாருக்கு முன்னால் இருந்த ஃபிளாஞ்ச் இணைப்பில் புஸ்ஸென்று சத்தம். கேஸ்கெட் போயிருந்தது. அதில் புகை வெளியே கசிகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் புகை துடிப்பு துடிப்பாகத்தான் வரும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் இறங்கும்போது அதே ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணி லீன் என்றுவிடும், ஆட்டோட்யூனும் அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றிவிடும். ஐடிலிங்கில் லீன், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் சரியாகிவிடுகிறது என்றால் நான் லேப்டாப்பைத் திறப்பதே இல்லை, ஸ்பேனரைத்தான் எடுப்பேன்.

இதைவிட ஏமாற்றுவது மிஸ்ஸிங். ஸ்பார்க் கொடுக்கும் காயில் பலவீனமாகி ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விட்டால், அந்தப் பெட்ரோலும் எரியாமல் போகும், அது எரிக்க வேண்டிய ஆக்சிஜனும் அப்படியே போகும். சென்சார் ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது. ஆட்டோட்யூன் உடனே பெட்ரோலை ஏற்றுகிறது. பிளக் நனைந்து மிஸ்ஸிங் கூடுகிறது, மீட்டர் இன்னும் லீன் என்கிறது, இன்னும் பெட்ரோல். சும்மா விட்டால் டேங்க் காலியாகும்வரை இது நடக்கும். கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகள் இதில் மாட்ட மாட்டார்கள். அவர்கள் பார்த்தது பிளக்கைத்தான்.

அப்புறம் இன்ஜெக்டர் டெட் டைம். கரன்ட் வந்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது. ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் திறப்பதற்கே போய்விடும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இன்னும் கூடும். முழு லோடில் இன்ஜெக்டர் பத்து மில்லி செகண்டுக்கு மேல் திறந்திருக்கும்போது இது பெரிய விஷயமில்லை. ஐடிலிங்கில் மொத்தமே இரண்டரை, மூன்று மில்லி செகண்ட்தான். அதில் ஒன்று கழிந்தால்? இந்த எண்ணைச் சரியாகப் போடாமல் அட்டவணைக் கட்டங்களில் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து ஐடிலிங்கை நிற்க வைத்துவிடுகிறார்கள். மீட்டரிலும் அழகாக இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கி வோல்டேஜ் ஒன்று இறங்கியதும் இன்ஜின் தள்ளாடும். "ஃபேன் போட்டா இழுக்க மாட்டேங்குதுங்க" என்று ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு.

ஆக்சிலரேட்டரைப் பொத்தென்று மிதிக்கும் நேரத்தில் மீட்டரைப் பார்ப்பதே வீண். பெட்ரோல் இன்டேக் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்வதால் ஒரு கணம் உள்ளே போவது குறையும். அதை ஈடுகட்டக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அது குறைந்தாலும் வண்டி திணறும், கூடினாலும் திணறும். புகை குழாயில் பயணித்து சென்சாரைத் தொடுவதற்குள் திணறல் முடிந்திருக்கும்.

முழு லோடில் காற்று-பெட்ரோல் மிக்சரைப் பற்றித்தான் எல்லோரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். லாம்டா, அதாவது முழுசாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற எண், அதை 0.86, 0.88 பக்கம் வைத்து, நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) இல்லாமல் இக்னிஷன் டைமிங்கைச் சரி செய்தால் டர்போ இல்லாத சாதா இன்ஜினுக்குப் போதும். அது ஒரு மதியத்து வேலை.

இங்கே லாம்டா என்று சொன்னது வேண்டுமென்றேதான். 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் வரத் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் முழுசாக எரிய 14.7 பங்கு காற்று தேவையில்லை, சுமார் 13.5 போதும். ஆனால் மீட்டருக்கு அதெல்லாம் தெரியாது. ஆக்சிஜன் மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை என்றால் பழக்கதோஷத்தில் 14.7 என்றுதான் காட்டும். லாம்டா 1 என்பதோ எந்த எரிபொருளுக்கும் ஒன்றுதான். முன்பு இ10-இல் டியூன் செய்துவிட்டுப் போன வண்டிகள், அட்டவணையில் யாரும் கை வைக்காமலே சுமார் 4 சதவீதம் லீனாகித் திரும்பி வந்தன. கம்பெனி இசியூ சாதா ஓட்டத்தில் தானே திருத்திக்கொள்ளும். எங்கள் வண்டிகளில் பல சென்சாரைக் கேட்காமல் ஓப்பன் லூப்பில் ஓடுகிறவை, சொன்னதைத்தான் செய்யும். பொதுவாகப் பெட்ரோலை ஏற்றுவது ஒரே ஒரு எண் மாற்றும் வேலை, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கோல்ட் ஸ்டார்ட், அதாவது ஆறிய இன்ஜினைக் கிளப்புவது, அப்படி முடியாது. ஆவியாவதற்கு எத்தனால், பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை இழுக்கும். குளிர்ந்த இன்ஜினில் அது நன்றாகவே தெரியும். சென்சாரும் அந்த நேரத்தில் உதவாது. உள்ளிருக்கும் பீங்கான் 700 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் குழாயில் தேங்கிய நீர்த்துளி பட்டு விரிசல் விழும். அதனால் இன்ஜின் பிடிக்கிற அந்த முதல் சில நொடிகளை ஆர்பிஎம்மையும் சத்தத்தையும் வைத்துத்தான் டியூன் செய்ய வேண்டும். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் இன்ஜின் மறுபடி முழுசாக ஆற ராத்திரி பூராவும் வேண்டும், ஆக ஒரு வண்டிக்கு ஒரு நாளில் ஒரே வாய்ப்பு. பையன்களை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். வரிசையாக நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, ஆளுக்கொரு நோட்டில் கூலன்ட் வெப்பநிலையையும் எத்தனை சுற்றில் பிடித்தது என்பதையும் எழுதிவிட்டு, லேப்டாப்பில் பெட்ரோல் அளவை மாற்றி சேவ் செய்கிறார்கள். சரியா என்பது மறுநாள் காலையில்தான் தெரியும். அதற்குள் யாரும் வண்டியை நகர்த்தக் கிளப்பிவிடக் கூடாது என்பதால் சாவி என் பாக்கெட்டில்.