கதவு மூடும் வரை

ஆகஸ்ட் 13, புதன்
விமானப் பணிப்பெண்ணாக இன்று கதவு மூடும் வரை சம்பளமில்லாமல் செய்த வேலை 47 நிமிஷம். கொப்பியில் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்
எங்கள் கம்பனியோடு பேச்சுவார்த்தை எந்த மட்டில் நிற்கிறது என்று, சங்கத்தின் பேச்சுக் குழுவில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன். "நல்லாப் போகுது. இப்ப ஒண்டும் சொல்லேலாது." சங்கத்தின் அறிக்கையிலும் அதேதான், இரண்டு வரி. மூன்று மாதமாக "முன்னேற்றம்" என்ற சொல்லை மட்டும் வாசிக்கிறேன். அக்காவை நம்புகிறேன். ஆனாலும் நித்திரை வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி
ஏர் கனடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் இரவு ஒரு மணியளவில் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் கல்கரியிலிருந்து வந்து டொரொண்டோவில் மூன்றாம் டெர்மினலில் இறங்கி, ரயில் பிடித்து முதலாம் டெர்மினலுக்குப் போனேன். உடுப்புக்கூட மாற்றவில்லை. வேறு கம்பனியின் யூனிஃபோர்மோடு வந்து நிற்கிறேன் என்று ஒரு பிள்ளை கட்டிப்பிடித்து அழுதாள். பன்னிரண்டு மணித்தியாலம் ஆகுமுன்பே அமைச்சர், வேலைநிறுத்தத்தை நிறுத்தப் பாவிக்கும் தொழிற்சட்டத்தின் 107ஆம் பிரிவைக் கையிலெடுத்துவிட்டார்.

வீட்டில் அம்மா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "38 வீதம் தாறாங்களாம், பிறகேன் பிள்ளை?" அது நான்கு வருடத்துக்கு, எல்லாக் கொடுப்பனவும் சேர்த்துக் கம்பனி சொல்லும் கணக்கு அம்மா, முதல் வருடச் சம்பள உயர்வு 8 வீதம்தான் என்று சங்கம் சொல்கிறது என்றேன். "அப்ப ஆர் சொல்லுறது சரி?" இரண்டு கணக்கும் ஒரே தாளிலிருந்து வந்தவை. அந்தத் தாளை அம்மா பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
இரண்டு மணிக்கு வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு. திரும்பவில்லை!

ஆகஸ்ட் 19, செவ்வாய்
விடியப்புறம் உடன்பாடு. தரையில் செய்யும் வேலைக்கும் இனிச் சம்பளமாம். மணிச்சம்பளத்தில் பாதியில் தொடங்கி வருடம் ஐந்து ஐந்து வீதமாகக் கூடும். கேட்டவுடன் கண் கலங்கியது. அப்புறம்தான் மற்றது தெரிந்தது: வாக்கு சம்பளப் பகுதிக்கு மட்டும். வேண்டாம் என்று போட்டாலும் திரும்ப வேலைநிறுத்தம் செய்ய முடியாது, நடுவரிடம் போகும்.

எங்களுக்கும் இப்படித்தான் வருமோ?

ஆகஸ்ட் 24, ஞாயிறு
52 நிமிஷம். பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே 14ஆவது வரிசையில் ஒரு முதியவருக்கு மூச்சுத் திணறல். ஒட்சிசன் சிலிண்டரைத் தூக்கி வந்து, முழங்காலில் நின்று மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிய அடையாளம் இன்னும் இருக்கிறது. மருத்துவ உதவியாளர்கள் வந்து இறக்கும்வரை கதவு திறந்தே இருந்தது. கதவு மூடி விமானம் நகர்ந்தால்தான் எங்கள் கணக்கு ஓடத் தொடங்கும்.

பின்னேரம் அக்காவோடு கதைத்தேன். ஒரு எண் வெளியில் போனாலும் கம்பனி அதைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கிவிடும் என்றார். சரி, அது எனக்கு விளங்குகிறது. மேசையில் இருக்கும்போது பொத்திப் பிடிக்கட்டும். வாக்கு என்று வந்தால் முழுவதையும் என் கையில் தர வேண்டும். "தருவீங்களோ அக்கா?" என்று கேட்டேன். "பாப்பம்" என்றார். என்னை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். "ஓம்" என்றிருக்கலாம்.

செப்டம்பர் 6, சனி
ஏர் கனடாவில் 99.1 வீதம் பேர் வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். 99.1. மூன்று தரம் வாசித்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்
எங்களுக்கும் வந்துவிட்டது, தற்காலிக உடன்பாடு. இரண்டு பக்கச் சுருக்கம். அதில் "கணிசமான" என்ற சொல் நாலு இடத்தில் இருக்கிறது, எண் ஒன்றுதான். வாக்கு திங்கள் தொடக்கம். முழுப் பிரதி "பின்னர்".

அக்காவுக்கு எடுத்துக் கத்திவிட்டேன். "நாங்க இராப்பகலா இருந்து வாங்கினது, உனக்கு என்னிலயும் நம்பிக்கை இல்லையோ?" அந்தக் குரல் இன்னும் காதுக்குள் நிற்கிறது. நம்பிக்கை இருப்பதால்தான் கேட்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 10
39.

செப்டம்பர் 11, வியாழன்
பேசவில்லை. அம்மா புட்டு அவித்து, அக்காவுக்கும் கொடுத்துவிடு என்று கட்டித் தந்தார். கொண்டுபோகவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி
இரவு பதினொன்றரைக்கு மின்னஞ்சல். முழுப் பிரதி, 61 பக்கம். கீழே அக்காவின் குறுஞ்செய்தி: "சண்டை பிடிச்சுத்தான் எடுத்தனான். வாசி." தரைச் சம்பளம் 34ஆம் பக்கத்தில் இருக்கிறதாம். நேரே அங்கே போகப் பார்த்தேன். இல்லை, முதலாம் பக்கத்திலிருந்தே வாசிக்கிறேன். கொப்பியைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.