பியோங்சாங் லூஜ் பதக்கங்கள்

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிக்கட்டிப் பாதையில் சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்தபடி விரையும் லூஜ் பந்தயத்தின் ஆண்கள் ஒற்றையர் போட்டி முடிவை இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது. நான்கு ஓட்டங்களின் மொத்த நேரமே பதக்கத்தைத் தீர்மானிக்கும் இந்த விளையாட்டில், 2010, 2014 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றிருந்த ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக், மூன்று ஓட்டங்கள் முடிந்தபோதும் முதலிடத்தில்தான் இருந்தார். கடைசி ஓட்டத்தில், வீரர்கள் பலரையும் திணறடித்த ஒன்பதாம் வளைவுப் பகுதியில் அவருடைய வண்டி சறுக்கிப் பக்கவாட்டில் திரும்ப, அந்த ஒரு கணத்திலேயே பதக்கம் கைநழுவி, அவர் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஓடுபாதையின் முடிவில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்த அவரை, அணியின் தலைமைப் பயிற்சியாளரும் அவருடைய தந்தையுமான நோர்பர்ட் லோக் அணைத்துத் தேற்றினார்.

ஆஸ்திரியாவின் டேவிட் கிளைர்ஷர் தங்கம் வென்றார். 1968க்குப் பிறகு இப்பிரிவில் அந்நாடு பெற்ற முதல் தங்கம் அது. வெறும் 0.026 விநாடி பின்தங்கி வெள்ளி வென்ற கிறிஸ் மாஸ்ட்சர், ஆண்கள் ஒற்றையரில் அமெரிக்காவுக்கு முதல் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். வெண்கலம் ஜெர்மனியின் யோஹன்னஸ் லுட்விக்குக்குக் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பெய்ஜிங்கில் அவரே தங்கமும் வென்றது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.