‘ப்ளூ மண்டே’யில் விடுபட்ட ஒரு சுரம்

மூன்று வாரங்களாகப் பிடிகொடுக்காமல் இருந்த அந்தத் தாள விலகல் நேற்றிரவு ஒருவழியாகக் கைகூடியது. நியூ ஆர்டர் என்ற ஆங்கில இசைக்குழு 1983 மார்ச்சில் வெளியிட்ட ‘ப்ளூ மண்டே’யை என் ஸ்டெப் சீக்வென்சரில் (சுரங்களைப் படிப்படியாகப் பதிந்து தானே வாசிக்கவைக்கும் கருவி) மீண்டும் கட்டி வருகிறேன். டிரம்மும் பேஸும் முதல் வாரத்திலேயே அமைந்துவிட்டன. என்னைப் படுத்தியெடுத்தது, தாளத்தோடு ஒட்டாமல் சற்றே விலகி ஒலிக்கும் சின்தசைசர் மெலடிதான்.

அந்த விலகல் திட்டமிட்டதன்று. பாடல் முழுவதையும் சுரம் சுரமாகக் கையால் உள்ளிடும் பொறுப்பு குழுவின் கீபோர்டு கலைஞர் கில்லியன் கில்பர்ட்டுடையது. ஏ4 தாள்களை ஒட்டி, ஸ்டுடியோவின் நீளத்துக்குப் பின்னல் மாதிரியைப் போல் எழுதி வைத்திருந்த அவர், ஒரு சுரத்தைத் தவறுதலாக விட்டுவிட்டார்.

நானும் 64 ஸ்டெப் (படி) கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றும் லூப்பிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். முதல் சுற்று அழகாக இருந்தது. ஐந்தாம் சுற்றுக்குள் மெலடி பேஸோடு மோதியது. 63 ஸ்டெப்பில் சுற்றுவது, 64 ஸ்டெப்பில் சுற்றுவதைவிட ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி முந்திக்கொண்டே போகும். கில்பர்ட் பாடலை நெடுக எழுதியதால் பிசகு ஒரே முறைதான் நேர்ந்தது, அதன் பின் வந்தவை ஒரே அளவில் விலகி நின்றன என்பது என் கணிப்பு.

ஆகவே லூப்பைக் கைவிட்டு, கட்டத்தாளில் 64 பார்களை (ஒரு பார் என்பது நான்கு பீட், 16 கட்டம்) 1,024 கட்டங்களாக எழுதி, ஒன்பதாம் பாரில் ஒரே ஒரு கட்டத்தை விட்டு உள்ளிட்டேன். நிமிடத்துக்கு 130 பீட் வேகத்தில் ஒரு கட்டம் சுமார் 115 மில்லிசெகண்ட். அவ்வளவு சிறிய இடைவெளியில், இயந்திரத்தாளத்தின் மேல் ஒரு மனிதக் கை தட்டுவது போன்ற உணர்வு வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் விடியும்வரை கேட்டேன்.

பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கிய இந்தப் பெட்டியில் உள்ளீட்டுப் பொத்தான் ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிகிறது. விற்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டும். புதிய பொத்தான் பற்றவைக்கும்வரை பத்து பாருக்கு ஒருமுறை சேமித்துக்கொள்கிறேன். நியூ ஆர்டரின் டிரம் கலைஞர் ஸ்டீபன் மோரிஸ் டிரம் மெஷினின் மின்கம்பியைத் தவறுதலாக உதைத்துப் பிடுங்கியதில், முடித்து வைத்திருந்த டிரம் நிரலே அழிந்துபோனதை எண்ணினால் இது மிகையன்று.

இன்னும் ஐந்தரை நிமிடப் பாடல் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கு முன், இடையில் எழும் அந்தக் குழுக்குரல் ஒலியை ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் என் பழைய சாம்ப்ளரில் ஏற்றிப் பார்க்க, இந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன்.