டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வருடத்தில், ஊரில் நாள்தோறும் கேட்ட சங்கீதம் எனக்கு அறவே விட்டுப்போயிருந்தது. அதைத் திருப்பித் தந்தது, மும்பைக் கலைஞர் ஒருவரின் மறக்கப்பட்ட இசைத்தட்டு. கோல்மன் தெருவில் அடெல்ஃபி கட்டடத்துக் கடையொன்றில், அட்டையைப் பார்த்துக் கையிலெடுத்தேன். இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட ‘சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ அது. பாடகரும் தபேலாவும் இல்லாமல், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 (கீழ்ச்சுர ஒலிக்கு), டிஆர்-808 (தாளத்துக்கு), ஜூபிட்டர்-8 (விசைப்பலகை) ஆகிய மின்னணுக் கருவிகளைக் கொண்டே பத்து இந்துஸ்தானி ராகங்களை வாசித்திருந்தார். அன்று எடுபடாமல் போன அத்தட்டு, நெதர்லாந்துச் சேகரிப்பாளர் எடோ பௌமன் 2010இல் மறுபதிப்புக் கொண்டுவந்த பிறகே பரவலாகக் கவனம் பெற்றது.

உட்லண்ட்ஸில் என் அறையைப் பகிர்ந்துகொள்பவர், சிறு வயதில் நாகசுரம் பயின்ற கும்பகோணத்துத் தம்பி. கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். வீட்டுக்கார அக்காவின் உறக்கம் கெடக்கூடாதென்று ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டோம். மால்கௌன்ஸ் ராகம் தொடங்கிய சிறிது நேரத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “அண்ணே, இது நம்ம ஹிந்தோளம்தானே?” என்றார். அதன்பின் மற்ற இந்துஸ்தானி ராகங்களுக்கு இணையான கர்நாடக ராகங்களையும் தேடி, பூபாலியில் மோகனத்தையும், யமனில் கல்யாணியையும், கலாவதியில் வலஜியையும், பைராகியில் ரேவதியையும் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டோம்.

டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. தாளம் இம்மியும் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் அந்த வழுக்கல் வீணைக் கம்பியில் விரலை இழுத்து வாசிக்கும் ஜாருவைப் போல் இழைகிறது. 1987இல் சிகாகோவிலிருந்து வெளிவந்த ஆசிட் ஹவுஸ் என்ற, இதே டிபி-303 ஒலியை மையமாகக் கொண்ட மின்னணு நடன இசைக்கு இத்தட்டே முன்னோடி என்று பலரும் வியக்கிறார்கள். அந்தப் புகழ் பாதி நியாயம்தான் என்பது என் எண்ணம். புதிய இயந்திரங்களிடமும் ராக லட்சணத்தை, அதாவது ராகத்தின் இலக்கணத்தை, விட்டுக்கொடுக்காத சரண்ஜித் சிங்கின் பிடிவாதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் 2015இல் காலமானார்.

தட்டிலுள்ள லலித் ராகம் மட்டும் எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. நம் லலிதா ராகத்தில் ‘ம’ சுரத்தின் இரு வகைகளில் சுத்த மத்தியமம் மட்டுமே உண்டு; லலித்திலோ பஞ்சமம் (‘ப’) இல்லாமல் இரு மத்தியமங்களும் அடுத்தடுத்து வருகின்றன. இரவுப் பணி இல்லாத நாள்களில் அதைத்தான் இப்போது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.