ஆற்றில் தண்ணீர் வந்த பிறகும் நான் விடாத ஜோக்

வேலூர்க்காரன் எவனிடம் பேசினாலும் ஐந்து நிமிஷத்தில் இந்த ஜோக் வந்துவிடும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அழகு இல்லாத பெண்கள். ஆளுக்கு ஆள் வரிசை மாறும், சிலர் அதிகாரம் இல்லாத போலீஸையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் பெண்கள் விஷயத்தை மட்டும் யாரும் விடமாட்டார்கள். நானும் இதைக் குறைந்தது முந்நூறு தடவை சொல்லியிருப்பேன். கல்யாணமான பிறகு கூடுதலாக ஒன்று செய்வேன். கடைசி வரி வரும்போது பக்கத்தில் நிற்கும் மனைவியைக் கையால் காட்டுவேன். கூட்டம் சிரிக்கும், அவளும் சிரிப்பாள். நம்ம காமெடி எடுபடுகிறது என்று நானும் பத்தொன்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 ஜூனில் குடியாத்தத்தில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். அவள் பிறந்த ஊர், அவளோடு படித்தவர்கள், சித்தி பெரியம்மா எல்லோரும் பந்தியில் இருக்கிறார்கள். அங்கேயும் சொன்னேன், கையைக் காட்டினேன். சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள், கே.வி.குப்பம், லத்தேரி எல்லாம் தாண்டிக் காட்பாடி வரைக்கும் திறக்கவில்லை. தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அவள் தூங்கினால் வாய் லேசாகத் திறந்திருக்கும்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. எங்கள் பெண் 2022-ல் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்தே வீட்டில் பேச்சு குறைந்துதான் இருந்தது, கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, பால் வாங்கியாச்சா, அவ்வளவுதான். இப்போது அதுவும் பாதியாகிவிட்டது. நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், அவள் பள்ளிக்கூட டீச்சர். ராத்திரி எட்டு மணிக்கு விருதம்பட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு மூடி வைத்திருக்கும், ஆள் உள்ளே நோட்டு திருத்திக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கரண்ட் போய்விட்டது. ஜூலையிலும் எங்கள் ஊர் வெக்கை எப்படி என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெண்டு பேரும் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். ரொம்ப நேரம் கழித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கோயிலுக்குச் சாமி 1981-லயே வந்துட்டாரு. சத்துவாச்சாரியிலேர்ந்து லிங்கத்தை இட்டாந்து வெச்சாச்சு. ஆத்துல 2021-ல ரெண்டு கரையும் முட்டத் தண்ணி போச்சு, நீங்களும் நானும்தான் பாலத்துல நின்னு பார்த்தோம். எல்லாம் மாறிடுச்சு. உங்க கடைசி வரி மட்டும் இன்னாங்க, மாறவே மாறாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஆனால் இன்னொன்றும் உண்மை, எத்தனையோ வருஷத்தில் அவள் சொல்லி நான் கேட்ட முதல் நல்ல ஜோக் அதுதான். பாலாற்று வெள்ளத்தைப் பார்க்க அந்த நவம்பரில் ஊரே பாலத்துக்கு ஓடியபோது, கூட்டத்தில் அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். மன்னித்தேன் என்று அதற்கு அர்த்தமில்லை, கல்யாணமானவர்களுக்கு அந்தச் சரியைத் தெரியும்.

பெண்ணிடம் போனில் சொன்னேன். அவள் படிப்பது சைக்காலஜி, விடுவாளா. வாய்ஸ் மெசேஜ் வாய்ஸ் மெசேஜாக வந்தது. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்று ஒருத்தர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு மாதிரியே ஒரு இடம் அமைத்து, புதுசாகக் கல்யாணமானவர்களை அங்கே தங்கவைத்து வீடியோ எடுத்துப் பார்த்திருக்கிறார். பெரிய சண்டைகளை மட்டும் அவர் எண்ணவில்லை. "அங்க பாரேன், ஒரு குருவி" என்று ஒருத்தர் சொன்னால் இன்னொருத்தர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதையும் எண்ணியிருக்கிறார். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால், சேர்ந்தே இருந்தவர்கள் 100-க்கு 86 தடவை திரும்பியிருக்கிறார்கள், பிரிந்துபோனவர்கள் 33 தடவைதான். அப்புறம் அவர் ரொம்ப பயப்பட்டது கோபத்துக்கு இல்லையாம், இளக்காரத்துக்கு. "அப்பா, உங்க ஜோக்குக்குப் பேரு அதுதான்" என்று முடித்தாள். பெற்ற பெண் வாயால் கேட்பதற்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன போல.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு, அதனால் கணக்கு எழுதினேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், அவள் என்னைக் கூப்பிட்டு ஏதாவது காட்டினால் ஒரு கோடு, நான் நிஜமாகவே திரும்பினால் அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு. முதல் வாரம் பத்தொன்பது கோடு, குறுக்கே ஐந்து. மீதி பதினாலுக்கும் போனைப் பார்த்தபடி "ம்" கொட்டியிருக்கிறேன். இதில் மோசமானது என்னவென்றால், அவள் அப்படிக் கூப்பிடுவதையே முன்பு நான் கவனித்ததில்லை, தனக்குத்தானே பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரத்துக் கோடுகளில் ஒன்று கத்திரிக்காய். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வாங்கி வந்திருந்தாள், "ஏங்க, காம்புல எவ்ளோ முள்ளு பாருங்களேன்" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். "இதுக்கு இப்போ புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க, இனிமே மரியாதையா வாங்க போங்கன்னு கூப்பிடணும்" என்றேன். சாதாரண ஜோக்தான். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள், அப்புறம் கத்தியை எடுத்து, கத்திரிக்காயைப் பார்த்து "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நறுக்கினாள். அன்றைக்குச் சாப்பிடும்போது "இன்னும் கொஞ்சம் அவரைப் போடட்டுமா?" என்று கேட்டாள். இன்றுவரை எங்கள் வீட்டில் கத்திரிக்காய் அவர்தான். வெந்துவிட்டாரா, தீய்ந்துவிட்டாரா. வெளியாள் கேட்டால் பைத்தியம் என்பார்கள், அது எங்களுக்குத் தேவையும்கூட.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். உற்சாகத்தில் நான் செய்த தப்புகள் நிறைய. வாட்ஸப்பில் வந்த புருஷன் பொண்டாட்டி ஜோக்குகளை ஒரே காலையில் பதினாலு அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது: "எல்லாத்துலயும் பொண்டாட்டிதான் முட்டாளா?" திரும்பப் படித்துப் பார்த்தேன். ஆமாம், பதினாலிலும். அதோடு ஃபார்வர்ட் நின்றது.

அடுத்தது தலையணை. அமெரிக்காவில் ஆர்தர் ஆரன் என்பவர் 2000-ல் வெளியிட்ட ஆராய்ச்சியாம், இதுவும் பெண் அனுப்பியதுதான். கணவன் மனைவியை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு தலையணையைக் கையும் பல்லும் படாமல் உடம்பால் பிடித்துக்கொண்டு மெத்தை விரித்த தரையில் தவழ்ந்து போய்வரச் சொன்னார்களாம். சும்மா ஒரு வேலை செய்தவர்களைவிட இப்படித் தவழ்ந்தவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் கூடியிருந்ததாம். பழகிப்போன வாழ்க்கையில் புதுசாக எதையாவது சேர்ந்து செய்யும்போது அந்தச் சந்தோஷம் பக்கத்தில் இருக்கும் ஆளோடு ஒட்டிக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. படித்துக் காட்டினேன். "நாப்பத்தாறு வயசுல தவழணுமா?" என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளேதான் துப்பட்டாவை எடுத்து வந்தாள்.

ஹாலில் பாதி தூரம்கூடப் போகவில்லை. நான் இடது பக்கம் இழுக்க, அவள் நேராகப் போக, தலையணை டீப்பாய்க்கு அடியில் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் "சார், கேஸ்!" முடிச்சு அவள் போட்டது, டீச்சர் போட்ட முடிச்சு, அவிழ மாட்டேன் என்கிறது. நாலு காலும் கட்டுண்டபடி கதவுவரை நகர்ந்துபோய் லேசாகத் திறந்தோம். சிலிண்டர் தம்பி எங்களை மேலிருந்து கீழே பார்த்தார். என் மனைவி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "யோகா, தம்பி. சிலிண்டரை அங்கேயே வெச்சுட்டுப் போங்க" என்றாள். அவர் தெருமுனை திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் சிரித்தது இருக்கிறதே, வயிறு பிடித்துக்கொண்டது, எனக்குக் கண்ணில் தண்ணீர், அவளுக்கு விக்கல். கடைசியில் துப்பட்டாவைக் கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தம்பி இப்போதும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் "யோகா எப்படிப் போகுது சார்?" என்று கேட்கிறார்.

ஏலகிரி போனது தனிக்கதை. பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். அவளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, எனக்கு அது ஞாபகமில்லை, இருபது வருஷம் ஆகப்போகிறது, ஞாபகமில்லை. பாரி வளைவு தாண்டுவதற்குள் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு, திட்டு விழப்போகிறது என்று நின்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டுப் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். "அவரு முல்லைக்குத் தேர் குடுத்தாரு, நான் மூணு இட்லி குடுத்துட்டேன்" என்றாள். பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டின் காமெடியன் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அது நல்ல அடி. அவளுக்கு நகைச்சுவை இல்லாமல் இல்லை, நான் இடம் விட்டதில்லை.

சிரிப்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. போன வருஷம் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவளைத் தேற்றுவதாக நினைத்து நான் ஏதோ சொல்ல, "இப்போ வேணாங்க" என்றாள். ஹாஸ்டல் ஃபீஸுக்கு வாங்கிய கடனைப் பற்றி அவள் சீரியஸாகப் பேசும்போது நான் ஜோக் அடித்து நழுவப் பார்த்ததும் உண்டு, அது அன்றைக்கு ராத்திரியை முழுதாகக் கெடுத்தது. அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். "கடை சாத்தியாச்சு" என்று யார் சொன்னாலும் அந்த நேரத்தில் காமெடி கிடையாது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விஷயத்தைப் பேச வேண்டும். வாரத்தில் ஒருமுறையாவது அவள் கடை சாத்துகிறாள். நான் ரெண்டே தடவை சாத்தியிருக்கிறேன், ரெண்டும் என் வேலை சம்பந்தப்பட்டது, ரெண்டு தடவையும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

காலண்டர் கோடு நாலு மாதத்தில் நின்றுபோனது. கடைசி வாரம் இருபத்துமூன்றுக்குப் பதினாறு. காட்மன் கணக்குக்கு இன்னும் வரவில்லை.

போன மாதம் ஆம்பூரில் கம்பெனி நண்பர் வீட்டுக் கல்யாணம். பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, அவரேதான், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி அவரைக் காட்டி எனக்குக் கண்ணாலேயே ஒரு கும்பிடு போட்டாள். என் பக்கத்தில் இருந்த பழைய சகா தோளைத் தட்டி, "யோவ், அந்த வேலூர் ஜோக்கைச் சொல்லுய்யா, இவங்க மெட்ராஸ்காரங்க, கேட்டதில்லயாம்" என்றான். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அவளும் கையில் பிரியாணியோடு பார்க்கிறாள்.

"ராஜா இல்லாத கோட்டை," என்றேன், "அதுல இப்போ மியூசியம் இருக்கு. சாமி இல்லாத கோயில், 1981-ல சாமி வந்துட்டாரு. தண்ணி இல்லாத ஆறு, 2021-ல வெள்ளமே வந்துடுச்சு. ஆக, இப்போதைக்கு எங்க ஊருல இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான், மலையில மரம்."

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சகா "இதுவா ஜோக்கு" என்று இலையைப் பார்த்தான். எதிர் வரிசையில் அவளுக்கு மட்டும் புரையேறியது. பக்கத்தில் இருந்த அம்மா அவள் தலையைத் தட்டி, "யாரோ நினைக்கிறாங்கம்மா, தண்ணி குடி" என்றார்.