சூரியன் எஃப்எம் 93.5

நேற்று ஷேர் ஆட்டோவில் "கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்று வந்ததும் மனசு 2003க்கே போய்விட்டது. அந்த வருடம்தான் சென்னையில் சூரியன் எஃப்எம் வந்தது, மிர்ச்சியும் அதே வருடம்தான். எஃப்எம் ஒன்றும் நமக்குப் புதிதில்லை, இந்தியாவிலேயே முதலில் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கிய ஊர் மெட்ராஸ், 1977ல், அகில இந்திய வானொலி. ஆனால் நம்ம வீட்டில் பேசுகிற மாதிரியே ஒருவர் நாள் முழுக்கப் பேசி, நடுநடுவே பாட்டும் போட்டது அப்போதுதான்.

எங்கள் தெருமுனை டீக்கடையில் பால் குண்டானுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சின்ன ரேடியோ ஒன்று இருக்கும், ஆண்டெனா முனையில் ஒரு கம்பியைச் சுற்றியிருப்பார் அண்ணன், பஸ் போனால் கரகரக்கும், அப்படியும் யாரும் நிறுத்தச் சொன்னதில்லை.

இவ்வளவு கலகலப்பாகப் பேசியவர்களுக்குப் பின்னால் எவ்வளவு நெருக்கடி என்று பிறகுதான் படித்தேன். தனியார் எஃப்எம்கள் அரசிடம் ஏலத்தில் எடுத்த உரிமத்துக்குக் கட்டணம் வருடா வருடம் 15% ஏறிக்கொண்டே போகும், விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். 2005ல் வருவாயில் 4% என்ற முறை வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள், அப்புறம்தான் நிறைய ஊர்களுக்கும் தனியார் எஃப்எம் போனது. சொந்தமாகச் செய்தி வாசிக்க மட்டும் இன்னும் அனுமதியில்லை, மழை வெள்ள நாட்களில் அது எனக்குப் பெரிய வருத்தம்.

உங்கள் வீட்டில் முதலில் பாடிய ரேடியோ எது?