நான் எப்படிப் புகைக்கிறேன் என்று அளந்தார்கள்

நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். 22 வருடம் சிகரெட் பிடித்தவன். அதில் கடைசி 9 வருடம் லைட்ஸ் என்கிற ‘லேசான’ ரகச் சிகரெட். பெட்டிமேல் அந்தச் சொல்லை அச்சிடக் கூடாது என்று விதி வந்து ரொம்ப நாள் ஆகிறது, ஆனால் கடையில் லைட்ஸ் என்று கேட்டால் இன்னும் எடுத்துக் கொடுக்கிறார்கள். தொண்டையில் காரம் குறைவாகத் தெரிந்தது. அதனால் கெடுதலும் குறைவு என்று முழுசாக நம்பினேன்.

தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்குப் புகைபிடிக்கிற ஆட்கள் வேண்டும் என்று மைத்துனர்தான் சொன்னார். "நீங்க எவ்வளவு இழுக்குறீங்கன்னு மிஷின் வச்சுப் பார்ப்பாங்க மச்சான், போயிட்டு வாங்க" என்றார். பீடி பிடிக்கும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் தடவை போனது வீண். வருவதற்கு முன் ஒரு மணி நேரம் புகைக்கக் கூடாதாம். போனில் பேசியவர் அதைச் சொல்லவில்லை. நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே ஒன்றைப் பற்றவைத்துவிட்டேன். இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நடவு சமயத்தில் ஒரு நாள் கடையை மூடுவது என்ன நஷ்டம் என்று உரக்கடைக்காரனுக்குத்தான் தெரியும். எனக்குக் கோபம்தான். ஆனாலும் அடுத்த வாரமே போனேன்.

தமிழில் இருந்த ஒப்புதல் படிவத்தை அந்த ஆய்வாளர் பெண் வரிவரியாகப் படித்துக் காட்டினார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற இடத்தை இரண்டு முறை படித்தார். அப்புறம் ஒரு குப்பியில் எச்சில் எடுத்தார்கள். நிகோடின் உடம்புக்குள் போய்க் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. நிகோடினின் அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், கோட்டினின் பாதியாக ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும். அதனால் கடந்த இரண்டு மூன்று நாளில் எவ்வளவு உள்ளே போனது என்பதை எச்சிலே சொல்லிவிடும். அடுத்து, மூச்சை இழுத்து 15 விநாடி அடக்கி, அட்டைக் குழாயில் மெதுவாக ஊதச் சொன்னார்கள். கார்பன் மோனாக்சைடு 24 பிபிஎம், அதாவது மூச்சுக்காற்றின் பத்து லட்சம் பங்கில் 24 பங்கு, என்று காட்டியது. புகைக்காதவர்களுக்குப் பெரும்பாலும் 6-க்குள்தான் இருக்குமாம். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிற வாயு அது என்று அவர் சொன்னபோது, மாடிப்படி ஏறினால் எனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்பது புரிந்தது.

கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. என்னுடைய சிகரெட்டையே ஒரு பிளாஸ்டிக் குழாயில் செருகிக் கொடுத்தார்கள். அதிலிருந்து இரண்டு மெல்லிய டியூப் ஒரு சின்னப் பெட்டிக்குப் போனது. உறிஞ்சும்போது உண்டாகும் அழுத்த வித்தியாசத்தை வைத்து, ஒவ்வொரு இழுப்பிலும் எத்தனை மில்லி புகை, எத்தனை விநாடி, அடுத்த இழுப்புக்கு எவ்வளவு இடைவெளி என்று அந்தப் பெட்டி பதிந்துகொள்கிறது. முதல் சிகரெட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. பக்கத்தில் ஆள் நின்று பார்த்தால் யாரும் வழக்கம்போலப் புகைக்க மாட்டார்கள், அதனால் பழகிக்கொள்ள ஒன்று. இரண்டாவதைப் பற்றவைத்ததும் அவர் தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டார். நானும் கடை வாசலில் நிற்பதுபோலவே இழுத்தேன்.

லேப்டாப்பில் பார்த்தால் ஒவ்வொரு இழுப்பும் ஒரு மேடாக வரிசையாக நின்றது. 12 மேடு. சராசரியாக ஒரு இழுப்புக்கு 58 மில்லி, இடைவெளி 19 விநாடி. சிகரெட்டைச் சோதிக்கிற எந்திரத்தின் பழைய சர்வதேச முறை என்ன தெரியுமா? 35 மில்லி, 2 விநாடி இழுப்பு, நிமிடத்துக்கு ஒரே ஒரு தடவை. அமெரிக்காவில் 1967 முதல் இதேபோன்ற எந்திர அளவை வைத்துத்தான் தார் (புகையில் இருக்கிற பிசுபிசுப்பான கசடு), நிகோடின் எண்களைச் சொல்லிவந்தார்கள். மனிதர்கள் அப்படிப் புகைப்பதில்லை என்பதால் 2008-இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். கனடாவின் முறை கடுமையானது: 55 மில்லி, அரை நிமிடத்துக்கு ஒன்று, பில்டர் ஓட்டைகளை டேப் போட்டு அடைத்துவிடுவார்கள். நான் அதையும் தாண்டியிருந்தேன்.

ஓட்டையா என்று கேட்டேன். அவர் ஒரு சிகரெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். பில்டரைச் சுற்றி வளையமாக ஊசிமுனை அளவுத் துளைகள். அதன் வழியாகக் காற்று கலந்து புகை நீர்த்துப்போகிறது. லைட்ஸின் ரகசியம் அவ்வளவுதான். 9 வருடத்தில் ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

துளைகளை விரலோ உதடோ மூடுகிறதா என்பது அந்தக் குழாய் வைத்து அளந்தால் தெரியாது. அதற்காக ஒரு நாள் முழுவதும் பிடித்த சிகரெட்டின் அடித்துண்டுகளை மூடிபோட்ட கவரில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். துளை திறந்திருந்தால் பஞ்சின் நடுவில் மட்டும் கறை இருக்கும், ஓரம் வெளுப்பாகவே நிற்கும். என் பத்துத் துண்டில் எட்டு ஓரம்வரை ஒரே பழுப்பு. நான் சிகரெட்டைப் பிடிக்கும் இடமே அந்தத் துளைகள்மேல்தான். மெஷின் காட்டியதைவிட இந்தக் கறைதான் என்னை உலுக்கியது. என் கையாலேயே மூடி மூடி, லைட்ஸை லைட்ஸ் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது அளவு. அதற்குள் பத்தை ஐந்தாகக் குறைத்திருந்தேன், பெருமையோடுதான் போனேன். கார்பன் மோனாக்சைடு 24-லிருந்து 12-க்கு வந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். 19 காட்டியது. ஒரு இழுப்பு 71 மில்லி, இடைவெளி 13 விநாடி. எண்ணிக்கை குறைந்ததும் உடம்பு தனக்கு வேண்டிய நிகோடினை ஒவ்வொரு சிகரெட்டிலும் கூடுதலாக உறிஞ்சிக்கொண்டது. எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. "அண்ணே, இது உங்க தப்பு இல்ல. நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகுது" என்றார் அந்தப் பெண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி விஷத்தைக் குறைத்துவிட்டேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன்.

சித்தப்பாவின் வரைபடம் வேறு மாதிரி. மேடுகள் நெருக்கி நெருக்கி நின்றன. பீடி இலை வழியாகக் காற்று சரியாகப் புகாது, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணையாமல் வைக்கவே அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. புகையிலை கொஞ்சம்தானே என்று வயலில் எல்லாரும் சொல்வதை நானும் சொல்லியிருக்கிறேன். அவர் ஊதியபோது வந்த எண் என்னுடையதைவிடப் பெரியது.

போக நினைப்பவர்களுக்கு: எத்தனை மணிக்கு முன் நிறுத்த வேண்டும், சாப்பிடலாமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். வழக்கமாகப் பிடிக்கும் ரகத்தையே எடுத்துப்போங்கள். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், எச்சில் எப்படியும் சொல்லிவிடும்.

இரண்டாவது அளவு முடிந்த மறுநாள் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தேன். பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது, 22 வருடப் பழக்கத்தில் அதைப் படித்ததில்லை. தேதி குறித்து முழுசாக நிறுத்தச் சொன்னார்கள். முதல் நான்கு நாள் கடையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. மூன்றாவது வாரம் தஞ்சாவூர் போனபோது ஊதிக் காட்டினேன். 3 வந்தது.

சித்தப்பா இன்னும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அவருக்கு இரண்டாவது அளவு. காலை ஏழரை பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன்.